152 கிலோமீட்டருக்கு மூன்று நாள் போதாது

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் கிளைட் என்றொரு சிற்றூர். அங்கிருந்து மிடில்மார்ச் என்ற இன்னொரு சிற்றூர் வரை 152 கிலோமீட்டருக்கு ஒரு மண்பாதை போகிறது. ஒருகாலத்தில் அது ரயில் தடம். இன்று சைக்கிள்காரர்களும் நடந்து போகிறவர்களும், எப்போதாவது குதிரையில் வருகிறவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை. ஒடாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில் என்பது அதன் பெயர்.

ஆக்லாந்திலும் வெலிங்டனிலும் பிள்ளைகள் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது கணிசம். விடுமுறைக்குப் போய்வரும் பெற்றோரும் அதிகம். அவர்களிடம் இந்தப் பாதையைப் பற்றிப் பேச்செடுத்தால், "மொத்தம் எத்தனை நாளில் முடிக்கலாம்?" என்றுதான் கேட்பார்கள். பயண நிறுவனங்கள் பலவும் அதற்குக் கைவசம் வைத்திருக்கும் பதில் மூன்று நாள். 152-ஐ மூன்றால் வகுத்தால் நாளொன்றுக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். மின்சார சைக்கிள் இருந்தால் அதுவும் கஷ்டமில்லை. முடித்துவிடலாம்தான். ஆனால் எதற்காக அவ்வளவு தூரம் போனோமோ அதில் பாதி கண்ணில் படாமல் போய்விடும். ஐந்து நாள் ஒதுக்க முடிந்தால் போங்கள். இரண்டு நாள்தான் இருக்கிறதென்றால் பாதையில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பாதையையும் மூன்று நாளில் அடைத்துத் திணிப்பது மட்டும் வேண்டாம் என்பது என் கட்சி. அதற்குக் காரணம் அந்தப் பாதை உருவான கதையிலேயே இருக்கிறது.

தங்கத்துக்குப் பின்னால் வந்த ரயில்

ஒடாகோவில் 1861-ல் தங்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டே கிளைட் பக்கத்திலும் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். ஆனால் துறைமுகமான டனீடனிலிருந்து உள்நாட்டுக்கு ரயில் போடும் வேலை தொடங்கியது 1879-ல்தான். அதற்குள் எளிதில் கிடைத்த தங்கமெல்லாம் தீர்ந்திருந்தது. வேலையும் ஆமை வேகம். முதலில் டையரி ஆற்றின் பள்ளத்தாக்கைக் குடைந்து ஏற வேண்டியிருந்தது. மிடில்மார்ச்சை எட்டவே 1891 ஆகிவிட்டது. ரான்ஃபர்லிக்கு 1898, கிளைடுக்கு 1907, கடைசி நிலையமான கிராம்வெல்லுக்கு 1921. ஒரு தலைமுறை தொடங்கிய வேலையை அடுத்த தலைமுறை முடித்தது. தங்கத்துக்காகத் திட்டமிட்ட ரயில் கடைசியில் ஆடுகளையும் கம்பளியையும் பழங்களையும் ஏற்றிக்கொண்டு போனது.

பிறகு லாரிகள் வந்தன. 1980-ல் கிளைட் அணைக்கட்டுக்காகக் கிராம்வெல் பகுதித் தடம் மூடப்பட்டது. அந்தப் பள்ளத்தாக்கு இன்று டன்ஸ்டன் ஏரிக்கு அடியில் கிடக்கிறது. மிச்சமிருந்த தடத்துக்கு அதே அணைதான் கொஞ்ச காலம் உயிர் கொடுத்தது, கட்டுமானப் பொருட்கள் அதன் வழியாகத்தான் வந்தன என்பதால். அணை வேலை முடியும் தறுவாயில் ரயிலுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. 1990 ஏப்ரலோடு சேவை நின்றது.

டனீடனுக்கு அருகிலிருந்து மிடில்மார்ச் வரையுள்ள சுமார் அறுபது கிலோமீட்டர் தடம் சுற்றுலா ரயிலுக்காகக் காப்பாற்றப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். கையில் மிஞ்சியது மலையோடும் ஆற்றோடும் வளைந்து போகும் ஒரு நீண்ட நிலத் துண்டு. இந்தக் கட்டத்தில் அரசு செய்த ஒரு காரியத்தைப் பாராட்டியாக வேண்டும். நிலத்தைக் கூறுபோட்டு இருபுறத்துப் பண்ணைக்காரர்களுக்கு விற்றிருந்தால் கணக்கு அன்றே தீர்ந்திருக்கும். அப்படிச் செய்யாமல் 1993-ல் இயற்கைப் பாதுகாப்புத் துறை முழுத் தடத்தையும் ஒரே கையில் வாங்கிக்கொண்டது. அடுத்து உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து அமைத்த அறக்கட்டளை பணம் திரட்டியது. பாலங்களில் பலகை பதித்தார்கள், கைப்பிடி வைத்தார்கள், சரளைக்கல்லை அகற்றிச் சைக்கிள் ஓடுமளவுக்கு மண்ணை இறுக்கினார்கள். 2000 பிப்ரவரியில் முழுப் பாதையும் திறக்கப்பட்டது.

இதைச் சொல்லும்போது ஊரே கைகொட்டி வரவேற்றது போலத் தோன்றலாம். அப்படியில்லை. பண்ணைகளுக்கு நடுவே நகரத்து ஆட்கள் திரிவதா, கதவைத் திறந்துபோட்டுப் போனால் ஆடுகளை யார் தேடுவது, சைக்கிளில் வருகிறவன் என்ன செலவழித்துவிடப் போகிறான் என்றெல்லாம் முணுமுணுப்பு இருந்தது. நியாயமான சந்தேகங்கள்தான். ஆனால் சைக்கிளில் வருகிறவனுக்குப் பசிக்கும். இருட்டுவதற்குள் எங்காவது படுத்தாக வேண்டும். காரில் வருகிறவன் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சாப்பிடலாம், இவனால் முடியாது. மூடும் நிலையில் இருந்த மதுக்கூடங்களிலும் பழைய பள்ளிக் கட்டடங்களிலும் ஆள் நடமாட்டம் வந்தது. 2009-ல் நாடு முழுக்கச் சைக்கிள் பாதைகள் போட அரசு முடிவெடுத்தபோது, முன்மாதிரியாகக் காட்டப்பட்டது இந்தப் பாதைதான்.

ஆகவே இந்தப் பாதை ஊர்களை நம்பியும், ஊர்கள் இந்தப் பாதையை நம்பியும் இருக்கின்றன. மூன்று நாள் திட்டம் இந்த உறவைத்தான் அறுக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு ஒரு ஊரைக் கடக்கிறவர் அங்கே ஒரு காப்பி குடிப்பார், அவ்வளவுதான். அங்கேயே தங்குகிறவர்தான் கடைக்காரரிடம் பேசுவார், ஊரைச் சுற்றுவார், மறுநாள் காலைப் பனியைப் பார்ப்பார்.

எப்போது, எந்தப் பக்கமிருந்து?

அங்கே பருவங்கள் நமக்கு நேரெதிர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடுங்குளிர். நம் பள்ளிகளின் மே மாத விடுமுறையை நம்பி டிக்கெட் போட்டால் அங்கே குளிர் தொடங்கும் வேளையில் போய் இறங்குவீர்கள். அதிலும் இது நியூசிலாந்தின் மற்ற பகுதிகளைப் போலக் கடற்காற்றால் மிதமாகும் இடமல்ல. மலைகள் மழையை மறித்துவிடுவதால் அலெக்ஸாண்ட்ரா பகுதியில் ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. கோடையில் வெயில் காய்ச்சி எடுக்கும், குளிர்காலத்தில் மண் உறையும். பாதையை ஒட்டியுள்ள ஓஃபிரில் 1995 ஜூலையில் பதிவான குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 21.6 டிகிரி. என்னைக் கேட்டால் மார்ச் கடைசியும் ஏப்ரலும்தான் சிறந்த காலம். வெயில் தணிந்திருக்கும், பாப்லர், வில்லோ மரங்கள் பொன்னிறமாக மாறியிருக்கும். இதை எல்லாரும் அறிந்திருப்பதால் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பது ஒரே குறை.

திசை விஷயத்தில் அங்குள்ளவர்களிடையே தீராத வழக்கு உண்டு. பெரும்பாலோர் கிளைடிலிருந்து கிழக்கே போகிறார்கள். குவீன்ஸ்டவுன் விமான நிலையத்திலிருந்து கிளைடுக்குக் காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பது ஒரு வசதி. மேற்கிலிருந்து அடிக்கும் காற்று முதுகில் தள்ளும் என்பது இன்னொரு நம்பிக்கை. காற்று சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். ஏற்றத்தைப் பற்றி இரு பக்கமும் கவலை வேண்டாம். நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறாது என்பதால் ஐம்பது அடி போனால் ஓர் அடி உயரும் சரிவுக்கு மேல் எங்கும் வைக்கவில்லை. பாதையின் உச்சி 618 மீட்டர்தான். அறுபது வயதைத் தாண்டியவர்கள் இங்கே தயக்கமில்லாமல் சைக்கிள் ஓட்டுவதற்கு அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விமான டிக்கெட்டுக்கு முன்னால் தங்கும் இடங்களை உறுதி செய்யுங்கள். இந்த ஊர்களில் சிலவற்றில் மொத்த மக்கள்தொகையே சில டஜன்தான். அறைகளை விரல் விட்டு எண்ணலாம். நடுவில் ஓர் இரவுக்கு இடம் கிடைக்காவிட்டால் அடுத்த ஊர் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும், மொத்தத் திட்டமும் சரிந்துவிடும். சைக்கிளை வாடகைக்குக் கொடுப்பவர்களே பெட்டிகளை ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்துக்கு வேனில் கொண்டுபோய் வைப்பார்கள். முதுகில் மழைச்சட்டை, தண்ணீர், டார்ச், கொஞ்சம் தின்பண்டம் போதும்.

ஐந்து நாளை எப்படிப் பிரிப்பது?

முதல் நாள் கிளைடிலிருந்து ஓமகாவ் வரை, 37 கிலோமீட்டர். அலெக்ஸாண்ட்ரா எட்டாவது கிலோமீட்டரிலேயே வந்துவிடும். வழியில் உள்ளவற்றில் பெரிய ஊர் அதுதான், மருந்தோ பஞ்சர் சாமானோ மறந்திருந்தால் வாங்கிக்கொள்ளலாம். சாட்டோ கிரீக்கைத் தாண்டியதும் டைகர் ஹில் ஏற்றம். பெயர்தான் புலி. மூச்சு வாங்கும், ஆனால் சரிவைக் குறைக்க ரயில் தடம் பெரிய வளைவெடுத்துப் போவதால் இறங்கித் தள்ள வேண்டியிருக்காது. ஓமகாவில் பெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டர் விலகி ஓஃபிருக்குப் போய்வர வேண்டும். 1886-ல் கட்டிய கல் தபால் நிலையமும் 1880-ல் மனுஹெரிகியா ஆற்றின் மேல் கட்டிய தொங்கு பாலமும் அங்கே இருக்கின்றன. ரயில் ஓஃபிரை விட்டு ஓமகாவ் வழியாகப் போனதால் ஓஃபிரின் வளர்ச்சி அப்படியே நின்றது. அதனாலேயே தங்க வேட்டைக் காலத்துத் தெரு இடிபடாமல் பிழைத்தது. மூன்று நாள்காரர்கள் விட்டுவிடும் முதல் இடம் இது.

இரண்டாம் நாள்தான் மொத்தப் பாதையின் உயிர்நாடி. தூரம் முப்பது கிலோமீட்டருக்குக் குறைவு. அந்த நாளை முழுதாகச் செலவிடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். லாடர் என்ற ஊரைக் கடந்ததும் மனுஹெரிகியா ஆற்றைத் தாண்டி, தடம் பூல்பர்ன் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. இங்கே அடுத்தடுத்து இரண்டு சுரங்கங்கள், ஒவ்வொன்றும் இருநூறு மீட்டருக்குக் குறையாது. வளைவாக இருப்பதால் உள்ளே போனதும் வெளிச்சம் சட்டென்று அற்றுப்போகும். டார்ச் இல்லாமல் ஓட்ட வேண்டாம். இருந்தாலும் இறங்கி நடப்பதே நல்லது. அப்போதுதான் பாறையில் உளி பட்ட தடங்கள் தெரியும். பிறகு பூல்பர்ன் பாலம், 37 மீட்டர் உயரம். அந்த ஊர்ப் பாறையிலேயே வெட்டிய கற்களை அடுக்கித் தூண்கள் எழுப்பி, மேலே இரும்புச் சட்டங்களை ஏற்றியிருக்கிறார்கள். மண்வெட்டியும் குதிரை வண்டியும் வெடிமருந்தும்தான் அன்றைக்குக் கருவிகள். கூடாரங்களில் அந்தக் குளிரைத் தாங்கிக்கொண்டு வேலை செய்தவர்களைப் பற்றித் தகவல் பலகைகள் வைத்திருக்கிறார்கள். நின்று படியுங்கள்.

பள்ளத்தாக்கைவிட்டு வெளியே வந்தால் ஐடா சமவெளி. நேர்கோடு போலத் தடம் நீளும். பத்து நிமிடம் மிதித்தாலும் எதிரே உள்ள மலை அதே இடத்தில் இருக்கும். சிலருக்கு இது சலிப்பு. எனக்கு இந்த வெட்டவெளி பிடிக்கும், ஆனால் நண்பகல் வெயிலில் அல்ல.

அன்றிரவு ஒட்டுரெஹுவாவில் தங்க வேண்டும். காரணம் ஹேய்ஸ் பட்டறை. எர்னஸ்ட் ஹேய்ஸ் என்பவர் பண்ணை வேலிக் கம்பியை இழுத்து முறுக்கும் கருவி உட்பட எத்தனையோ சாதனங்களை இங்கே உருவாக்கினார். அவர் மனைவி ஹன்னா சைக்கிளில் பண்ணை பண்ணையாகப் போய் அவற்றுக்கு ஆர்டர் பிடித்தார். நீண்ட பாவாடை, கரடுமுரடான வண்டித்தடம், மண் சாலைகள்கூடச் சரியாக இல்லாத காலம். இன்று பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் அமைப்பு பட்டறையைப் பராமரிக்கிறது. வார்களில் ஓடும் எந்திரங்களை இன்னமும் ஓட்டிக் காட்டுகிறார்கள். குளிர்காலத்தில் திறந்திருக்காது என்பதால் நாளைப் பார்த்துக்கொண்டு போங்கள். ஊரில் நூற்றாண்டு கடந்த மளிகைக் கடையும் ஒன்று இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குமேல் போனால் இரண்டுமே பூட்டியிருக்கலாம். ஐம்பது கிலோமீட்டர் திட்டக்காரர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வந்து சேர்கிறார்கள்.

மூன்றாம் நாள் உச்சியைத் தாண்டி வெடர்பர்ன், பிறகு ரான்ஃபர்லி. சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். வெடர்பர்னில் ஒரு சரக்குக் கொட்டகை உண்டு. கிரஹாம் சிட்னி என்ற ஓவியர் 1970-களில் அதைப் பனிப்பரப்புக்கு நடுவே தனியாக நிற்பதுபோல் வரைந்தார். அந்தப் படம் நாடெங்கும் பிரபலம். தடம் மூடியபின் கொட்டகையை யாரோ வாங்கிப் பெயர்த்துக்கொண்டு போக, ஊர்க்காரர்கள் மெனக்கெட்டு அதைத் திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். ரான்ஃபர்லியில் 1930-களில் தீ விபத்துகளுக்குப் பிறகு கட்டிய ஆர்ட் டெகோ பாணிக் கட்டடங்கள் உள்ளன. மதியமே வந்துவிட்டால் நேஸ்பி என்ற மலையூருக்கு வண்டி பிடித்துப் போய், பனிக்கட்டித் தரையில் கல்லைச் சறுக்கி விளையாடும் கர்லிங் ஆட்டத்தைக் கோடையிலும் ஆடிப் பார்க்கலாம், உள்ளரங்கம் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.

நான்காம் நாள் வைபியாட்டா வழியாக ஹைடு வரை. வைபியாட்டாவுக்கு அருகே முன்பு காசநோயாளிகளுக்கான மருத்துவமனை இருந்தது. நோயாளிகளுக்கு நல்லது என்று அந்த வறண்ட காற்றுக்கு அப்படியொரு பெயர். பிற்பகலில் டையரி ஆறு பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்ளும், பிரைசஸ் கிரீக்கில் இன்னொரு சுரங்கம் வரும். ஹைடை நெருங்கும்போது ஒரு துயரமும் நினைவுக்கு வரும். 1943 ஜூன் 4 அன்று கிராம்வெல்லிலிருந்து டனீடன் போன பயணிகள் ரயில் இந்த ஊரருகே பாறை வெட்டுப் பள்ளத்தில் அதிவேகமாக வளைவெடுத்துத் தடம் புரண்டது. 21 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் குடித்திருந்தார் என்று தெரிந்து அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. போர்க்காலம் என்பதால் அன்று அந்தச் செய்திக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை.

ஐந்தாம் நாள் மீதி 27 கிலோமீட்டர். ஒரு பக்கம் ராக் அண்ட் பில்லர் மலைத்தொடர், மறுபக்கம் புல்வெளி. மதியத்துக்குள் மிடில்மார்ச்.

சோறும் சில சில்லறை விஷயங்களும்

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் கொஞ்சம் முன்னேற்பாடு செய்துகொள்வது நல்லது. ஊர் மதுக்கூடங்களில் இரவு உணவென்றால் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, மீன்தான் முதலிடம். இப்போது சைவத்துக்கும் ஒன்றிரண்டு வகை வைக்கிறார்கள். முன்பதிவின்போதே சொல்லிவைத்தால் செய்து தருவார்கள். தெற்குத் தீவுக்கே உரிய சீஸ் ரோல் எல்லாக் காப்பிக் கடைகளிலும் கிடைக்கும், ஆனால் ஐந்து நாளும் அதையே தின்ன முடியாது. புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் எடுத்துப்போக நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நியூசிலாந்து விமான நிலையத்தில் உணவுப் பொருட்களைப் படிவத்தில் எழுதிக் காட்டியாக வேண்டும். மறைத்துக் கொண்டுபோய் மாட்டினால் அங்கேயே அபராதம். டனீடனிலோ குவீன்ஸ்டவுனிலோ இந்திய மளிகை வாங்கிக்கொள்வது வம்பில்லாத வழி.

செல்போன் சிக்னல் எல்லா இடத்திலும் எடுக்காது. வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். பண்ணைக் கதவுகளை எப்படிக் கண்டீர்களோ அப்படியே விட்டுப் போக வேண்டும். ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் மணியடித்து மிரட்டாமல் நின்று வழிவிட வேண்டும். மின்சார சைக்கிள் எடுப்பதை ஒரு இழுக்காக நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பெருமை தேவையில்லை. எதிர்க்காற்றில் வயதான ஒருவர் நொந்துபோவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அது தரும் வேகத்தை ஒரு நாளைக் குறைக்கப் பயன்படுத்துவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

இரண்டு நாள் மட்டுமே கைவசம் உள்ளவர்கள் முதல் நாள் ஓமகாவில் தொடங்கி ஒட்டுரெஹுவாவில் தங்கி, மறுநாள் ரான்ஃபர்லியில் முடிக்கட்டும். சுரங்கங்கள், பாலங்கள், ஹேய்ஸ் பட்டறை, வெடர்பர்ன் கொட்டகை நான்கும் அந்தத் துண்டில் அடங்கிவிடும். முழுப் பாதையையும் ஓட்டி முடித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். நேரம் அதிகம் இருப்பவர்கள் கிராம்வெல்லிலிருந்தே தொடங்கலாம். ஏரியோரமாகக் கிளைடுக்கு வரும் புதிய சைக்கிள் பாதை 2021-ல் திறந்தது. நீரில் மூழ்கிய ரயில் தடத்துக்குப் பதிலாகச் செங்குத்துப் பாறையில் அந்தரத்தில் பலகை அடித்துப் பாதை போட்டிருக்கிறார்கள். ஆனால் அது ரயில் சரிவு அல்ல. ஏற்றங்கள் செங்குத்து, வளைவுகள் ஒடுக்கம். பழக்கமில்லாதவர்கள் அதைத் தவிர்த்துவிட்டுக் கிளைடிலேயே தொடங்குவது நல்லது.

மிடில்மார்ச்சிலிருந்து வெளியேறுவதை யோசிக்காமல் கிளம்பக் கூடாது. ஊருக்குத் தினசரி ரயில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டனீடன் சுற்றுலா ரயில் 2020-ல் பெருந்தொற்றின்போது நிறுத்தப்பட்டு, பிறகு குறைந்த அளவில் மீண்டது. மிடில்மார்ச் வரை அது தினமும் வருவதில்லை; வரும் நாள் உண்டா என்று முன்பே விசாரியுங்கள். உங்கள் ஐந்தாம் நாள் அப்படியொரு நாளோடு பொருந்துமானால், மொத்தப் பயணத்தையும் அதற்கேற்ப முன்னே பின்னே நகர்த்துவதுகூடத் தகும். 1887-ல் எழுப்பிய விங்கடுய் இரும்புப் பாலத்தின் மேல், 47 மீட்டர் உயரத்தில், தண்டவாளம் பெயர்க்கப்படாத மிச்சத் தடத்தில் உட்கார்ந்து டனீடனுக்கு இறங்கலாம். பொருந்தவில்லையென்றால் சைக்கிள் வாடகை நிறுவனத்தின் வேனில் ஒன்றேகால் மணி நேரம்; அந்த இருக்கையையும் அறைகளோடு சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள்.